நிர்மால்ய வாளி

பெயர்: விஷ்ணுப்ரியா. வயது: இருபத்தொன்பது. கணவர் பெயர்: ஜெயந்த். முகவரி: திருவனந்தபுரம், மேற்குக் கோட்டை அருகே, வாய்க்கால் தெரு, கடைசி வீடு. படிப்பு: எம்.எஸ்ஸி. கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன், குழந்தை பிறந்த பிறகு போகவில்லை. சொந்த ஊர் திருநெல்வேலி. மலையாளம் பேசுவேன், எழுத வராது. ஆகவே இந்த வாக்குமூலத்தைத் தமிழில் என் கையாலேயே எழுதித் தருகிறேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஹெட் கான்ஸ்டபிள் திரவியம் அவர்கள் எதிரே உட்கார்ந்து இடையிடையே கேட்ட கேள்விகளுக்கும் இதிலேயே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டு நாய் விஷத்தில் இறந்ததாக என் மாமனார் சேஷன் கொடுத்த புகாரின்மேல், எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்த ஓமனா, வயது முப்பத்தொன்பது, என்பவர்மீது வழக்குப் பதிவாகியிருக்கிறது. அவர் விஷம் வைக்கவில்லை. இந்த வழக்கு இருக்கும்வரை அவருக்குக் குவைத் போவதற்கான போலீஸ் சான்றிதழ் கிடைக்காது. அதனால்தான் இதைக் கொடுக்கிறேன். தாமதமாகக் கொடுக்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் மாமனார், மாமியார் சீதாலக்ஷ்மி, என் கணவர், நான், ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தை மாளவிகா ஆகியோர் இருக்கிறோம். நாய் நாட்டு நாய், ஆண். பழவங்காடிப் பிள்ளையார் கோவில் எதிரே சிதறுகாய்த் துண்டுகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்த குட்டியை என் கணவர் கல்யாணத்துக்கு முன்பே எடுத்து வந்து மோதகம் என்று பெயர் வைத்திருந்தார். அதற்குச் சாப்பாடு தயிர்சாதம், பருப்புசாதம், பால். எங்கள் வீட்டில் மீன், மாமிசம் கிடையாது. வாடகைக்கு இருப்பவர்களும் அவற்றைச் சமைக்கக் கூடாது என்பதை மாமனார் அறை கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்.

ஓமனா பாறசாலைப் பக்கத்தவர். கணவர் இறந்துவிட்டார். மகள் ஆதிரா விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்ஸ் வேலையை ஓமனா செய்துவந்தார். எல்லாம் எங்களைப் போன்ற சைவ வீடுகள்தான். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை உறுதியாகி, போலீஸ் சான்றிதழ் மட்டும் பாக்கி இருந்தது. மாத முடிவுக்குள் அது ஏஜென்சிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

குழந்தை தவழ ஆரம்பித்ததிலிருந்து எனக்குப் பயம் அதிகம். குழந்தை வாயில் வைப்பதையெல்லாம் நாயும் வாயில் வைக்கும், நாய் நக்கிய இடத்தைக் குழந்தை நக்கும். ஆகவே ஃபினைல், கழிப்பறை கழுவும் ஆசிட், கொசு மருந்துக் குப்பி எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றினேன். பீரோவில் இருந்த பாச்சை உருண்டைகளை எடுத்துத் தெருமுனைக் குப்பையில் போட்டேன், பட்டுப்புடவையைப் பூச்சி அரிக்கட்டும் என்று. வெங்காயம் நாய்க்கு ஆகாது, திராட்சை ஆகாது, சாக்லேட் ஆகாது. மாமனாரின் பிரஷர் மாத்திரை ஒன்று கட்டிலடியில் உருண்டுவிட்டதாக அவர் சொன்ன அன்று கட்டிலையே நகர்த்தித் தேடினேன். (இதெல்லாம் கேஸுக்கு வேண்டுமா என்று திரவியம் அவர்கள் கேட்டார். வேண்டும் என்று சொன்னேன்.)

பின்கட்டில் மதிலோரம் ஒரு செவ்வரளிச் செடி இருந்தது. அதன் இலையும் பூவும் தண்டும் குழந்தைக்கும் நாய்க்கும் விஷம் என்று படித்துவிட்டு, மாமியாரிடம் பல நாள் மன்றாடி அதை வேரோடு வெட்ட வைத்தேன். அதன் பிறகு மாமியார் பூஜைக்கான அரளியைக் கோட்டை வாசல் பூக்காரியிடம் வாங்கத் தொடங்கினார். என் கணக்கில் வீட்டில் அரளி இல்லை.

சுவாமிக்குச் சார்த்திவிட்டு மறுநாள் எடுக்கும் பூவை நிர்மாலியம் என்பார்கள். அதைக் குப்பையில் போடக் கூடாது, யார் காலும் படக் கூடாது. அபிஷேகம் செய்த பாலையும் தேனையும் சாக்கடையில் விடக் கூடாது. ஆகவே எல்லாவற்றையும் ஒரு நீல வாளியில் தண்ணீரோடு ஊறப் போட்டு, நிறைந்ததும் தென்னைமரத்தடியில் ஊற்றுவது மாமியாரின் வழக்கம். வாளி பின்கட்டில் துவைக்கிற கல்லின் பக்கத்தில் தரையில் இருக்கும். குழந்தை அதில் விழுந்துவிடுமே என்று பின்கட்டுக் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருந்தேன். அந்த வாளியை நான் தினமும் பார்த்தேன். ஃபினைல் குப்பியைப் பார்த்த கண்ணால் அதைப் பார்க்கவில்லை.

ஓமனா தன் அறையில் ரகசியமாக மீன் சமைப்பார். மாமனார் வங்கிக்கோ கோவிலுக்கோ போன நேரம் பார்த்து, ஜன்னலை மூடி, ஊதுபத்தி கொளுத்திவிட்டுச் சமைப்பார். இது எனக்குத் தெரியும். நாய்க்கும் தெரியும். அது அவர் கதவின் முன் போய் நின்று குரைக்கும். அவர் கதவைப் பாதி திறந்து, “வாங்க சாமி. தயிர்சோறு தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சா?” என்று கேட்டு, மீன் தலையை முள் எடுத்துவிட்டுக் கையில் வைத்து நீட்டுவார். ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு (மகளைக் கூப்பிடுவதுபோல் என்னை மக்களே என்றுதான் கூப்பிடுவார்), “மக்களே, உன் மாமனாருகிட்ட சொல்லாதே. நான் போனாலும் போகட்டும், இந்தச் சாமியும் இங்க இருந்து வெளிய போவாரு” என்று சிரித்தார். நான் சொல்லவில்லை.

சம்பவத்துக்குச் சில வாரம் முன்பு நாய் அவர் அறைக்குள் புகுந்து வறுத்து வைத்திருந்த ஐலை மீனைக் கவ்விக்கொண்டு ஓடிற்று. அவர் பின்கட்டில் நின்று நாயைப் பார்த்து, “நாசம் புடிச்ச பட்டியே! ஒரு நாள் உனக்கு விஷம் வெச்சுத் தரேன், பாத்துக்கோ!” என்று கத்தினார். மாமனார் மாடியிலிருந்து அதைக் கேட்டார். எதற்காகக் கத்தினார் என்பது அவருக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே நாய் மறுபடி ஓமனா கதவில் நின்றதையும், அவர் அதன் காதைத் திருகிவிட்டு மீன் வால் கொடுத்ததையும் நான் பார்த்தேன். மாமனார் பார்க்கவில்லை.

ஓமனா எலித் தொல்லைக்காகச் சாலைக் கடைத்தெருவில் எலிக்கேக் என்ற விஷக் கட்டி வாங்கி வந்ததும் உண்மை. நாய் இருக்கும் வீட்டில் அது வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர் ஒன்றை மட்டும் ஓட்டுக்கு அடியில் நாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, மீதியைத் தகர டப்பாவில் போட்டு மூடி வைத்தார்.

மாசி மாதப் பிரதோஷத்தன்று மாமியார் வீட்டு லிங்கத்துக்குப் பால், தேன் அபிஷேகம் செய்து செவ்வரளியால் அர்ச்சனை செய்தார். மறுநாள் காலை பூவையும் அபிஷேகத் தீர்த்தத்தையும் வாளியில் சேர்த்தார். வாளி நிறைந்திருந்தது. ஊற்றிவிடலாம் என்று தூக்கப் போய், இடுப்பு பிடித்துக்கொண்டதால் அப்படியே விட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு நான் பரணிலிருந்து ஃபினைலை இறக்கித் தரை துடைக்க ஆரம்பித்தேன். ஈரம் காயும்வரை நாய் அதை மிதித்துக் காலை நக்கிவிடும் என்பதால், எப்போதும் செய்வதுபோல் அதைப் பின்கட்டுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினேன். நல்ல வெயில். அதன் தண்ணீர்க் கிண்ணம் வீட்டுக்குள் இருந்தது.

தரை காய்ந்த பிறகு கதவைத் திறந்தபோது நாய் படியில் வாந்தி எடுத்திருந்தது. வாந்தி வெள்ளையாக, திரிந்த பால்போல இருந்தது. அதில் சிவப்பாகச் சில துணுக்குகள் இருந்தன. குழந்தை எனக்குப் பின்னாலேயே தவழ்ந்து வந்துவிட்டது. நான் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் தண்ணீர் மொண்டு ஊற்றி, படியை டெட்டால் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். சாக்கடை வாய்வரை கழுவினேன். அதன் பிறகுதான் நாயைத் திரும்பிப் பார்த்தேன். அது எழுந்திருக்கப் பார்த்துப் பின்கால் மடங்கி உட்கார்ந்தது.

அதன் பிறகு ஆட்டோ பிடித்து நாயைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அம்மா குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் விட்டு விட்டுத் துடிக்கிறது என்றார். “வீட்டுல அரளி ஏதும் உண்டோ?” என்று கேட்டார். “இல்லை டாக்டர். இருந்த செடியையும் வெட்டியாச்சு” என்று சொன்னேன். யோசிக்காமல் உடனே சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவும் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் அதன் பிறகு அரளியைப் பற்றிக் கேட்கவில்லை. ஊசி போட்டார். உச்சிவேளைக்கு முன் நாய் மேஜைமேலேயே இறந்துபோயிற்று. சீட்டில், விஷம் என்று சந்தேகம், எது என்று தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு ஹரிஷங்கர் மதிலுக்கு அந்தப்புறமிருந்து மாமனாரைக் கூப்பிட்டு, “சேஷன் அண்ணா, நான் கண்ணால பாத்தேனாக்கும். கார்த்தால அந்தப் பொம்மனாட்டி கதவைப் பாதி தொறந்து என்னவோ நீட்டினா. இது வாலை ஆட்டிண்டு தின்னுது” என்றார். மாமனாருக்கு அந்தப் பழைய சத்தம் நினைவுக்கு வந்தது. “விஷம் வெப்பேன்னு சொன்னா. வெச்சுட்டா” என்றார். சாயங்காலத்துக்குள் நாயைத் தென்னைமரத்தடியில் உப்புப் போட்டுப் புதைத்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அதன் பிறகு போலீஸார் இருவர் வந்து ஓமனா அறையைச் சோதித்து எலிக்கேக் டப்பாவை எடுத்தார்கள். பாக்கெட்டில் ஒன்று குறைந்திருந்தது. நாய்க்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டார்கள். மாமனார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “ஒண்ணும் குடுக்கல்ல சாரே” என்றார் ஓமனா. ஹரிஷங்கர் பார்த்ததைச் சொன்னதும், “இல்ல சாரே, நான் கதவே தொறக்கல்ல” என்றார். அது பொய். என்னை ஒருமுறை பார்த்தார். மீன் என்று நான் சொன்னால் அன்றைக்கே அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள், தெரு முழுக்கத் தெரிந்தால் வேலைக்கும் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்து நான் பேசாமல் இருந்தேன். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்தேன். அவர் பொய் சொன்னதைத்தான் போலீஸார் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை மாமியார் வாளியில் பூப் போடுவதைப் பார்த்தேன். பால் ஏடுமேல் சிவப்பு இதழ்கள் ஒட்டிக்கொண்டு மிதந்தன. நான் படியில் கழுவியது இதுதான் என்று எனக்கு அப்போது தெரிந்தது. “அம்மா, நேத்து இந்த வாளி விளிம்புவரைக்கும் இருந்தது இல்லையா?” என்று கேட்டேன். “ஆமாம். கொஞ்சம் வத்தியிருக்கு. வெயில் என்னமா அடிக்கறது” என்றார். நான் நாய் இதைக் குடித்திருக்கும் என்று சொன்னேன். அரளி ஊறிய தண்ணீரும் விஷம் என்று சொன்னேன்.

அவர், “பகவானுக்குச் சார்த்தின புஷ்பமாக்கும். அது விஷம்னு சொல்ல உனக்கு நாக்கு எப்படிடி வந்தது?” என்றார். நான் செடியை வெட்டச் சொன்னபோதே இதைச் சொன்னேனே என்றேன். “செடி வேற. பூஜை பண்ணினப்புறம் அது வேற” என்றார். அதன் பிறகு அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை.

மாமனாரிடம் சொன்னேன். “நீ கோர்ட்டில ஏறி நின்னு, எங்க மாமியார்தான் நாயைக் கொன்னார்னு சொல்லப் போறயா? உன் மனசுல என்னதான் இருக்கு?” என்றார். கணவரிடம் சொன்னேன். அவர், “நீ சொல்றது சரியாவே இருக்கட்டும் விஷ்ணு. அம்மா இனிமே பூஜை ரூமுக்குள்ள எப்படிப் போவா, சொல்லு” என்றார்.

அதன் பிறகு காவல் நிலையத்துக்குப் போனேன். ஆற்றுக்கால் அம்மன் கோவில் பொங்கலைத் திருவிழாவுக்குப் பெண்கள் தெருவில் பொங்கலிட ஊரெல்லாம் அடுப்புக்கல் அடுக்கியிருந்த நேரம். எல்லாரும் பந்தோபஸ்து டியூட்டிக்குப் போயிருந்தார்கள், பொங்கலை முடிந்து வாருங்கள் என்றார்கள். பொங்கலை முடிந்ததும் குழந்தைக்குக் காய்ச்சல். அதன் பிறகு போனபோது எஸ்.ஐ. கோர்ட்டுக்குப் போயிருந்தார். நடுவில் டாக்டர் அம்மாவையும் போய்ப் பார்த்தேன். எலிக்கேக் தின்றிருந்தால் அன்றைக்கே சாகாது, சில நாளாகும், இதயமும் அப்படி அடிக்காது, அரளியாக இருக்கலாம் என்றார். அதை எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். “என்ன வெச்சு எழுதுவேன்? வாந்தி உண்டா? ரத்தம் எடுத்தோமா?” என்றார். புதைத்ததைத் தோண்டி எடுக்கலாமா என்று கேட்டேன். இந்த வெயிலில் இத்தனை நாள் கழித்து உப்புப் போட்ட மண்ணிலிருந்து ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, போலீஸ் கேட்டால் பார்க்கலாம் என்றார். போலீஸ் கேட்கவில்லை.

இதற்குள் ஓமனாவுக்கு ஸ்டேஷன் ஜாமீன் கிடைத்து, அவர் அறையைக் காலி செய்து கரமனையில் ஒரு தோழியோடு போய்த் தங்கினார். மாதம் முடிந்தது. சான்றிதழ் வரவில்லை.

நேற்று அவரைப் போய்ப் பார்த்தேன். தோழியின் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். வாக்குமூலம் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். “குவைத்துக்காரங்க வேற ஆளை எடுத்தாச்சு மக்களே. பிலிப்பீனோ என்னவோ” என்றார். வழக்காவது போகட்டும், வேறு ஏஜென்சி பார்க்கலாம் என்றேன். “கேஸு தீருகது எப்பன்னு நீ சொல்லு, நான் அப்ப பாக்கேன்” என்று சிரித்தார். அதன் பிறகு மீனைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும் என்று சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

“அதை எழுதினா உங்க தெருவுல ஒரு வீட்டுப் படியிலயும் என்னை ஏத்தமாட்டாங்க, தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். “மீன் கையாலதானே எங்க வாயில கஞ்சி ஊத்துனே, எங்களைக் குளிப்பாட்டுனேன்னு கேப்பாங்க.” அவர் கடைசித் துணியையும் மடித்து வைத்தார். அதன் பிறகு, “எழுதிக்கோ. விஷம் வெச்சவள்னு இருக்கதுக்கு மீன் குடுத்தவள்னு இருக்கட்டும்” என்றார். நான் எழுந்தபோது, “அன்னைக்குக் குடுத்தது சாளைத் தலை. அதையும் எழுது. அதுக்கு ரொம்ப இஷ்டம்” என்றார்.

எழுதிவிட்டேன். ஓமனா சம்பவத்தன்று நாய்க்குக் கொடுத்தது சாளை மீன் தலை என்று அவர் என்னிடம் சொன்னார். கொடுத்ததை அன்று நான் பார்க்கவில்லை. அதற்கு முன் பல நாள் பார்த்திருக்கிறேன்.

இதுவரை எழுதியதைத் திரவியம் அவர்கள் வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டு, “மேடம், நீங்க சொல்லுகது உள்ளதுதான்னு எனக்கும் தோணுது. ஆனா இதுல கண்ணால கண்டதுன்னு ஒண்ணும் இல்லியே. வாந்தியைக் கழுவியாச்சு. பட்டியைக் குழிச்சு மூடியாச்சு. அந்தப் பக்கத்து வீட்டு சாரு கண்ணால கண்டேன்னு ஒப்பு போட்டிருக்காரு” என்றார். காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, “பட்டி வாளியில வாய் வெக்கதை நீங்க பாத்திருந்தா காரியம் வேற. எழுதுங்கன்னு நான் சொல்லல்ல. பாத்தீங்களான்னுதான் கேக்கேன்” என்றார்.

பேனாவை அவர் என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் அந்த வரியை மனத்துக்குள் எழுதிப் பார்த்தேன். சின்ன வரி. ஆனால் அந்த நேரத்தில் நான் முன் அறையில் ஃபினைல் போட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தேன் என்று டாக்டரிடமும் சொல்லியிருக்கிறேன், மேலேயும் எழுதியிருக்கிறேன். ஹரிஷங்கர் மதிலருகே நின்றிருக்கிறார், பின்கட்டில் நான் இல்லை என்று அவர் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரி பொய்யென்று ஆனால் மற்ற வரிகளும் போய்விடும்.

நாய் வாளியில் குடித்ததை நான் பார்க்கவில்லை. எனக்கும் பின்கட்டுக்கும் நடுவில் கதவு இருந்தது. சாத்தியது நான்.

இதில் உள்ளது நான் பார்த்ததும், கேட்டதும், செய்ததும். பார்க்காதது எதையும் பார்த்ததாக எழுதவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்தோ பயமுறுத்தியோ எழுதியதில்லை. திரும்பப் படித்தேன், திருத்த ஒன்றும் இல்லை.

(ஒப்பம்)
ஜெ. விஷ்ணுப்ரியா